இரண்டாம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா?

கேள்வி: 5 அக்டோபர் 2024, மாலை

குலசேகரத்தைச் சேர்ந்தவன். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. 2023-இல் பிளஸ் டூ முடித்தேன். இதுவரை சி.ஜி.பி.ஏ. 9.2. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் வெளியிலிருந்து மாணவர்களை எடுக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. வருகிற மார்ச்சில் விண்ணப்பிக்கலாமா? மாமா "பட்டத்தை முடித்துவிட்டு மேலே பார்" என்கிறார். நண்பன் "போட்டுப் பார், போனால் என்ன" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 5 அக்டோபர் 2024, இரவு

மாமா சொல்வதில் பாதி சரி. நண்பர் சொல்வதை ஏற்க மாட்டேன். வங்கித் தேர்வுக்குப் பணம் கட்டுவதுபோல இதைப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. பேராசிரியர்களின் கடிதங்கள், முதல்வர் அலுவலகத்தின் அறிக்கை, பாடத்திட்டம், மதிப்பெண் சான்று, கட்டுரைகள், குடும்ப வருமான ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் ஆளைத் தின்றுவிடும். அந்த மாதங்களில்தான் உங்கள் செமஸ்டர் தேர்வும் நடக்கும்.

இடங்களைப் பாருங்கள். ஹார்வர்ட் மாறுதல் மாணவர்களாக ஆண்டுக்குச் சராசரியாக 12 பேரை எடுக்கிறது. யேல் 20 முதல் 30 பேர் வரை. அதற்கு வரும் விண்ணப்பங்கள் ஆயிரத்துக்கும் மேல். பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு மாறுதல் மாணவர்களை எடுக்கவே இல்லை, 2018-இல்தான் மறுபடி எடுக்கத் தொடங்கியது. அங்கே சேர்ந்தவர்கள் இடையில் விட்டுப் போவது அபூர்வம். விடுதியில் கட்டில் காலியானால்தானே புதிதாக ஒருவரைக் கூப்பிட முடியும்?

7 அக்டோபர் 2024

நான் பயமுறுத்துவதாக மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இடம் தாராளமாக உள்ள பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கார்னெல் ஆண்டுதோறும் சில நூறு பேரை எடுக்கிறது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன.

ஆனால் குலசேகரத்துத் தம்பிக்கு அந்த இடங்களால் பயனில்லை. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கு வருமானம் பார்த்துத் தரும் நிதியுதவி எதையும் தருவதில்லை. கார்னெல் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருவது மிகக் குறைவு. பணம் தருகிற இடங்களில் கட்டில் இல்லை, கட்டில் உள்ள இடங்களில் பணம் இல்லை. முடிவெடுக்க உட்காரும்போது இந்த முட்டுக்கட்டையை முதலில் பாருங்கள்.

ஆகவே பெயரைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைச் சேர்க்கையின்போது கணக்கில் எடுக்காமல், சேர்த்த பிறகு தேவையை முழுவதும் ஈடுசெய்வதாக அறிவித்திருப்பவை ஒரு கையளவுதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மவுத், பௌடின் போன்றவை. அந்த வாக்குறுதி மாறுதல் மாணவருக்கும் உண்டா என்பதை ஒவ்வொன்றின் இணையப் பக்கத்திலும் வரிவரியாகப் படியுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கான பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மகிழ்ச்சியடைய வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பத்திலேயே உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

12 அக்டோபர் 2024

என்னைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கருங்கல் பக்கம் சொந்த ஊர். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி., சென்னையில் எம்.எஸ்ஸி., பிறகு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். இப்போது இந்த மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன்.

அங்கே ஆய்வு மாணவனாக இருந்தபோது இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பேன். மாறுதலில் வந்தவர்களை அங்கேதான் முதலில் பார்த்தேன். பெரும்பாலோர் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அங்கே குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள். கலிபோர்னியா 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்தப் பாதையை வகுத்து வைத்தது. இன்றும் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மாநிலத்துச் சமுதாயக் கல்லூரி மாணவர்களே. மாறுதல் சேர்க்கை என்ற ஏற்பாடே அவர்களையும், படைப்பணி முடித்து வருபவர்களையும், குடும்பச் சுமையால் படிப்பை இடையில் விட்டவர்களையும் மனத்தில் வைத்துத்தான் நடக்கிறது. இந்தியக் கல்லூரியிலிருந்து மனுச் செய்பவர் அந்தக் கூட்டத்தில் ஓரத்தில் நிற்கிறார். நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கே நிற்க அவரிடம் தெளிவான காரணம் இருக்க வேண்டும்.

அவர்களில் ஒரு பெண் நினைவில் நிற்கிறாள். உணவகத்தில் இரவு வேலை, பகலில் வகுப்பு. "முன்பு படித்த இடத்தில் குவாண்டம் இயக்கவியல் பாடமே கிடையாது, அதற்காக வந்தேன்" என்றாள். காரணம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

20 அக்டோபர் 2024

தம்பிக்கு ஒரு வேலை. "இங்கே எனக்குக் கிடைக்காதது என்ன?" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "உலகத்தரம்", "வாய்ப்பு" போன்ற பொதுச் சொற்கள் வேண்டாம். பாடத்தின் பெயர், கருவியின் பெயர், செய்ய நினைத்து முடியாமல் போன சோதனையின் பெயர் என்று எழுதுங்கள். சேர்க்கைக் குழு கேட்கும் கட்டுரையின் சாரமும் இதுதான்: ஏன் மாற வேண்டும், மாறி என்ன படிக்கப் போகிறீர்கள்.

6 நவம்பர் 2024

ஐ.ஐ.டி.களில் பி.டெக். சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை இனி தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் மூன்று முறை எழுதலாம் என்று நேற்று அறிவித்திருக்கிறார்கள். இதுவரை இரண்டு முறைதான். 2023-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் 2025 தேர்வு திறந்துவிட்டது. தம்பி உடனே கேட்கிறார்: "கல்லூரியை விட்டுவிட்டு இதற்குப் படிக்கலாமா?"

ஐ.ஐ.டி.களில் வேறு கல்லூரி மாணவரை பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் வழி கிடையாது. முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் ஜே.இ.இ. மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வர வேண்டும். உங்களுக்கு இயற்பியல்தான் வேண்டும் என்றால், பட்டம் முடித்து ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி.க்கு அதே ஐ.ஐ.டி.க்குள் போகலாம். இரண்டு ஆண்டு உழைப்பை எறிந்துவிட்டு முதல் படிக்குத் திரும்ப வேண்டிய அவசியம் என்ன? கல்லூரியை விடாதீர்கள்.

19 நவம்பர் 2024

மேலே சொன்ன அறிவிப்பை நேற்றுத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபடியும் இரண்டு முறைதான்; 2023-இல் முடித்தவர்களுக்கு வாசல் மூடிவிட்டது. இடைப்பட்ட இந்த இரண்டு வாரத்தில் படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். நெஞ்சு கொதிக்கிறது. வீட்டில் சண்டை போட்டு, கல்லூரியில் கையெழுத்து வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

தம்பி கல்லூரியில்தான் இருக்கிறார். நிம்மதி.

24 நவம்பர் 2024

தம்பி எழுதி அனுப்பிய தாள் வந்தது. நீளமானது, சுருக்கித் தருகிறேன். ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள். பதிவேட்டுச் சோதனைகளைத் தாண்டி எதையும் தொட முடியவில்லை. ஒளியியலில் ஒரு கேள்வி வந்தால் கேட்க ஆள் இல்லை; ஆசிரியர்கள் நல்லவர்கள், பணிச்சுமையில் மூழ்கியிருக்கிறார்கள். கூடப் படிப்பவர்களில் இயற்பியலை விரும்பி எடுத்தவர்கள் குறைவு.

நேர்மையான தாள். நான் மாணவனாக இருந்தபோது கேட்டிருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன்.

இதில் பாதியை இங்கிருந்தே தீர்க்கலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானி ஒருவரின் கீழ் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. ஆண்டுதோறும் இந்த மாதங்களில்தான் விண்ணப்பம் வாங்குகிறார்கள், இன்றிரவே பாருங்கள். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பி.எஸ்ஸி. மாணவர்களுக்கென்றே நியுஸ் என்ற திட்டத்தை நடத்துகிறது. இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் இவற்றைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்கூட ஒட்டுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மறுபாதி, அதாவது கூட இருந்து பேச ஆட்கள், இரண்டு மாதக் கோடையில் தீராது.

25 நவம்பர் 2024

இரவு தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதன்மேல் இன்னும் கொஞ்சம்.

என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: "இளநிலைக்குப் பணம் செலவழிக்காதே. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் பட்டத்துக்குப் போனால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளமும் உண்டு." இது உண்மை. என் படிப்புக்கு வீட்டிலிருந்து பணம் போகவில்லை. மூன்றாண்டு பட்டத்தோடு நேராகப் போவதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்காது. எம்.எஸ்ஸி. முடித்துப் போனால் அந்தச் சிக்கலும் இல்லை. தம்பியின் மாமா சொல்வதும் இந்த வழிதான்.

ஆனால் குளச்சலைச் சேர்ந்த ஒரு மாணவி எனக்கு இருந்தாள், கடலில் தொழில் செய்யும் குடும்பம். நான் சொன்ன இதே வழியில் போய் இப்போது ஆய்வு செய்கிறாள். சென்ற கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாள்: "சார், போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் பதினெட்டு வயதில் கேட்ட கேள்விகளை இருபத்துமூன்று வயதில்தான் யாரிடமாவது கேட்க முடிந்தது." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுப் பணம் போகாமல் காக்கும் கணக்கு எனக்குத் தெரியும். அந்த ஐந்து ஆண்டுக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாது. அதனால் "பட்டத்தை முடித்துவிட்டுப் பார்" என்று தம்பியிடம் ஒரே வரியில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

15 டிசம்பர் 2024

விண்ணப்பிப்பதாக இருந்தால் கல்லூரியில் செய்ய வேண்டியவை. தக்கலை, குழித்துறையிலிருந்தும் கேட்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அலுவலகத்தில் போய் "மாறுதலுக்கு விண்ணப்பிக்கிறேன்" என்றால் உடனே டி.சி. படிவத்தை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்து, நிதியுதவி உறுதியாகி, விசா முத்திரை விழும் வரை உங்கள் பெயர் இங்கே வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது தேவை, நீங்கள் நல்ல நிலையில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று முதல்வர் அலுவலகம் நிரப்பித் தரும் ஒரு படிவம். பெரும்பாலான அலுவலகங்கள் இதைப் பார்த்திருக்காது. துறைத்தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து விளக்குங்கள்.

மதிப்பெண் சான்று: ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருக்கிறார். மற்றவர்களுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதாவது அபிஷேகப்பட்டி வரை பயணம். வடசேரியில் காலையிலேயே திருநெல்வேலி பஸ் ஏறிவிடுங்கள்.

பாடத்திட்டம்: ஒவ்வொரு தாளுக்கும் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம் என்று அவர்கள் பார்ப்பார்கள். இங்கே படித்த தாள்களுக்கான கிரெடிட் எத்தனை ஏற்பார்கள் என்பது பெரும்பாலும் சேர்த்த பிறகுதான் தெரியும். பல இடங்களில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தங்களிடம் படிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இங்கே இரண்டு ஆண்டு முடித்தவரை அங்கே இரண்டாம் ஆண்டில் உட்காரவைக்கவும் கூடும். பகுதி ஒன்று தமிழ்த் தாளை விட்டுவிடாதீர்கள், அதற்கும் ஆங்கிலத்தில் பாடவிவரம் எழுதிக் கொடுங்கள். மொழி, இலக்கியப் பாடங்களை அவர்கள் மதிப்பார்கள்.

வருமானம்: பால்வெட்டும் தொழிலாளி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க மாட்டார். இ-சேவை மையம் வழியாக வாங்கும் வருமானச் சான்றிதழும், வேலை தருபவர் கையெழுத்திட்ட சம்பளக் கடிதமும் தயாராக இருக்கட்டும்.

11 ஜனவரி 2025

நவம்பர் 5-க்கும் 18-க்கும் இடையில் அறிவிப்பை நம்பிப் படிப்பை விட்டவர்கள் மட்டும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்குப் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் நேற்றுச் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. அந்தப் பிள்ளைகளின் பக்கம் யாராவது நின்றார்களே.

19 ஜனவரி 2025

திங்கள்சந்தையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "கடன் வாங்கி அனுப்பிவிட்டால் என்ன? மகள் சம்பாதித்து அடைத்துவிடுவாளே."

அண்ணாச்சி, தனியார் பெரிய பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 90,000 டாலர் ஆகிறது. 2025 ஜனவரி மதிப்பில் ஒரு டாலர் சுமார் 86 ரூபாய். ஓர் ஆண்டுக்கே 77 லட்சம். வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு காட்ட வேண்டும். ரப்பர் நிற்கும் விவசாய நிலத்தைப் பொதுவாக வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை, வீட்டைத்தான் கேட்கும். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்குப் போதும், கட்டணத்துக்குப் போதாது. முழு உதவி இல்லாத இடத்துக்கு மகளை அனுப்ப வீட்டை எழுதிக்கொடுக்காதீர்கள். மகள் கெட்டிக்காரி என்கிறீர்கள், கெட்டிக்காரிக்கு எம்.எஸ்ஸி.க்குப் பிறகு அவர்களே பணம் தந்து கூப்பிடுவார்கள்.

9 பிப்ரவரி 2025

தம்பி பட்டியலைச் சுருக்கிவிட்டார். முழு உதவி தரும் இடங்களில் மட்டும், அதிலும் தனக்கு வேண்டிய ஒளியியல் ஆய்வு நடக்கும் இடங்களில் மட்டும் விண்ணப்பம். மூன்று பெயர்கள். மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டார். மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண்ணும் குறையவில்லை.

இதற்கு நான் சம்மதம் சொன்னேன். இப்போது சொல்ல முடிகிற காரணம், கிடைக்காவிட்டாலும் அவர் எதையும் இழக்கவில்லை. கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டார், அடுத்த ஆண்டு ஜாம் எழுதும் திட்டம் அப்படியே இருக்கிறது, அப்பாவின் தலையில் கடன் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் விண்ணப்பிக்கும் மாணவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வீட்டில் பாட்டி மட்டும், "அங்கே சாளை கிடைக்குமா?" என்று கேட்டாராம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருக்கும் பாஸ்டன் பக்கம் கடற்கரைதான், மீனுக்குக் குறைவில்லை பாட்டி. புளிமுளம் வைக்கத் தேங்காய்க்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

10 பிப்ரவரி 2025

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒன்று. "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று நம் கல்லூரிகளில் எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதுகிறோம். ஆசிரியர்களாகிய நாம் இதை மாற்ற வேண்டும். வகுப்பில் அந்த மாணவர் என்ன கேட்டார், எந்தச் சோதனையை எப்படித் திருப்பிச் செய்தார், எங்கே பிடிவாதமாக நின்றார் என்று எழுதினால் அரைப் பக்கம் போதும். மாணவர்களே, ஆசிரியரிடம் கேட்கும்போது உங்கள் ஆய்வகப் பதிவேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும். மாணவரே எழுதி ஆசிரியர் கையெழுத்திடும் வழக்கம் அறவே வேண்டாம்.

1 மார்ச் 2025

இன்றும் இம்மாத நடுவிலுமாகக் கடைசித் தேதிகள். தம்பி நேற்றே இரண்டை அனுப்பிவிட்டார், மூன்றாவதுக்கு ஓர் ஆசிரியரின் கடிதம் பாக்கி. முடிவு மே, ஜூனில் வரும். "கிடைத்தால் சொல்லுங்கள்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் விரும்பினால் அவரே எழுதுவார், நான் எழுத மாட்டேன்.

தம்பி, மூன்றாவது கடிதத்துக்கு நாளை நேரில் போங்கள், அலைபேசியில் நினைவூட்டினால் நடக்காது. ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு இருக்கிறது. சேர்க்கைக் கடிதம் வந்தாலும் அந்த மதிப்பெண்ணை அவர்கள் கேட்பார்கள், ஜாம் தேர்வுக்கும் அந்தப் பாடங்கள்தான்.